இத்ரியா: ஸ்லோவேனியாவின் பாதரச ஊருக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்லோவேனியாவுக்குப் போகும் நம்மவர்களில் பெரும்பாலோர் பிளெட் ஏரி, போஸ்தோய்னா குகை, லூப்லியானாவின் டிராகன் பாலம் என்று பார்த்துவிட்டு, வெனிஸுக்கோ வியன்னாவுக்கோ கிளம்பிவிடுவார்கள். இந்தப் பக்கம் அவர்களுக்கானது அல்ல. கூட்டம் இல்லாத ஒரு சின்ன ஊரில் ஓரிரு இரவு தங்கி, அந்த நாட்டு மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்க நினைப்பவர்களுக்கானது.

இத்ரியா எங்கே இருக்கிறது? அதில் அப்படி என்ன விசேஷம்?

தலைநகர் லூப்லியானாவுக்கு மேற்கே சுமார் 60 கி.மீ. தூரத்தில், மலைகளுக்கு நடுவே ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் இருக்கிறது. இத்ரிட்ஸா என்ற ஆறு ஊரின் ஓரமாக ஓடுகிறது. மக்கள்தொகை ஆறாயிரத்துக்குப் பக்கம். சுற்றிலும் காடு, புல்வெளி, மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் பண்ணை வீடுகள்.

இவ்வளவுதான் என்றால் ஸ்லோவேனியாவில் இதுபோல நூறு ஊர் உண்டு. ஆனால் இத்ரியாவின் அடியில், சுமார் 500 ஆண்டுகளாகப் பாதரசம் வெட்டி எடுத்த சுரங்கம் இருக்கிறது. ஸ்பெயினில் உள்ள அல்மதேனுக்கு அடுத்தபடி உலகின் இரண்டாவது பெரிய பாதரசச் சுரங்கம். 2012-ல் யுனெஸ்கோ இந்த இரண்டு ஊர்களையும் சேர்த்து ஒரே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இத்ரியாவின் வீடுகள், சாப்பாடு, பெண்கள் பின்னும் லேஸ், ஆற்றின் மேல் கட்டிய பழைய அணைகள் என எதை எடுத்தாலும் அதன் வேர் அந்தச் சுரங்கத்தில்தான் போய் முடியும். அதனால் முதலில் சுரங்கத்தைப் பார்த்துவிட்டு மற்றதைப் பாருங்கள். இல்லாவிட்டால் 'அழகான ஊர், சரி, அப்புறம்?' என்றுதான் தோன்றும்.

இங்கே பாதரசம் இருப்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1490-ல் மரத்தொட்டி செய்யும் ஒருவர், தான் செய்த தொட்டியை ஓடை நீரில் ஊறப் போட்டிருக்கிறார். திரும்ப எடுக்கும்போது அடியில் பளபளவென்று ஏதோ கனமாக உருண்டு ஓடியது. அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. ஷ்கோஃப்யா லோகா என்ற ஊரில் இருந்த பொற்கொல்லரிடம் காட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். அந்த இடம் என்று சொல்லப்படும் இடத்தில் இன்று பரிசுத்த திரித்துவ ஆலயம் நிற்கிறது.

கதை எப்படியோ, இதில் புவியியல் உண்மை ஒன்று உண்டு. பாதரசம் பொதுவாகச் சின்னபார் என்ற சிவப்புத் தாதுவாகத்தான் கிடைக்கும். நம் சித்த மருந்துக் கடைகளில் சாதிலிங்கம் என்று சொல்வது இதைத்தான். அதை வறுத்து ஆவியாக்கி, குளிரவைத்துப் பாதரசத்தைப் பிரிக்க வேண்டும். இத்ரியாவில் அந்தத் தாதுவோடு சேர்த்து, பாறை இடுக்குகளில் திரவப் பாதரசமே துளித்துளியாக இருந்தது. உலகில் மிகச் சில இடங்களில்தான் இப்படி இருக்கும்.

வளமான சாதிலிங்கப் படுகை 1508 ஜூன் 22 அன்று அகப்பட்டது. இன்றும் ஜூன் 22 இத்ரியா நகராட்சியின் திருநாள். 1580 வாக்கில், ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசே சுரங்கத்தை எடுத்துக்கொண்டது. மெக்ஸிகோ போன்ற ஸ்பானிய அமெரிக்கப் பகுதிகளில் வெள்ளியைத் தாதுவிலிருந்து பிரிக்கப் பாதரசம் வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கின் சரக்கு கடல் கடந்து அங்கேயும் போயிருக்கிறது. வியன்னாவில் இருந்த அரசவை இந்தக் குட்டி ஊரின் மேல் அவ்வளவு கண் வைத்திருந்ததற்குக் காரணம் அதுதான்.

சுரங்கத்துக்குள் நம்மை விடுவார்களா?

விடுவார்கள். அந்தோனியேவ் ரோவ் என்ற நுழைவழியை 1500-ல் வெட்டினார்கள். ஐரோப்பாவில் இன்னும் பாதுகாக்கப்படும் மிகப் பழைய சுரங்க வாசல்களில் ஒன்று. ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ பழைய அலுவலகக் கட்டடம் போலத்தான் தெரியும். முன்பு தொழிலாளர்கள் பெயர் கொடுத்துவிட்டு இறங்கிய அறையில் முதலில் ஒரு சிறு படம் காட்டுவார்கள். பிறகு ஒரு மேலங்கியும் தலைக்கவசமும் கொடுத்து வழிகாட்டியோடு அனுப்புவார்கள். தனியாக உலாவ முடியாது.

மொத்தச் சுரங்கப் பாதையின் நீளம் சுமார் 700 கி.மீ.; ஆழம் 382 மீட்டர். நீங்கள் பார்ப்பது அதில் மேலாக ஒரு சிறு துண்டுதான். கீழ்த்தளங்களைத் தண்ணீர் நிரம்ப விட்டுவிட்டார்கள். ஊர் அமிழ்ந்துவிடாமல் இருக்க மேல்தளங்களில் பல இடங்களை அடைத்து உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் பார்க்கக் கிடைக்கும் துண்டே போதும். கரிய பாறையில் சிவப்பு வரிகள், அதில் வெள்ளியாய் மின்னும் சிறுசிறு துளிகள், தொழிலாளர்கள் இறங்குமுன் வேண்டிக்கொண்ட 18-ஆம் நூற்றாண்டுச் சிற்றாலயம் எல்லாம் உண்டு. வழியில் எங்காவது பெர்க்மண்டல்ட்ஸ் என்ற குள்ள உருவம் எட்டிப்பார்க்கும். பாறையைத் தட்டி வம்பு செய்கிற, சில சமயம் நல்ல தாது இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கிற சுரங்கக் குறளி அது. குழந்தைகளை அதைத் தேடச் சொன்னால் நடை அலுக்காது.

உள்ளே எப்போதும் 13 டிகிரி செல்சியஸ் அளவில் குளிரும். ஜூலை மாதமானாலும் முழுக்கைச் சட்டை வேண்டும். பிடிமானமுள்ள காலணியும் வேண்டும். படிகள் நிறைய இருப்பதால் முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. நுழைவு நேரம் நாளுக்குச் சில முறைதான், குளிர்காலத்தில் இன்னும் குறைவு. அதனால் சுரங்க நேரத்தை முதலில் உறுதி செய்துவிட்டு, மற்றதை அதைச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

பாதரசம் விஷம் ஆயிற்றே, அங்கே போவது ஆபத்தில்லையா?

நியாயமான கேள்வி. தாது வெட்டுவது 1990களில் முற்றாக நின்றுவிட்டது. நடந்தபோது ஆபத்து உண்மையாகவே இருந்தது. தாதுவை வறுக்கும் உலையின் புகையையும் சுரங்கத்தின் ஆவியையும் சுவாசித்தவர்களுக்குக் கை நடுங்கும், பல் ஆடும், வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். 1754-ல் சுரங்கத்தின் முதல் மருத்துவராக வந்த ஜொவான்னி ஸ்கொப்போலி இந்த நோயைக் கவனித்து எழுதிவைத்தார். அவருடைய நூல் 1761-ல் வெளியானது. அவர் தாவரவியலாளரும்கூட, உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸோடு கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர். பயண வாந்திக்குக் கொடுக்கும் ஸ்கொப்பொலமைன் என்ற மருந்தின் பெயர், அவர் பெயர் தாங்கிய ஸ்கொப்போலியா செடியிலிருந்து வந்ததுதான்.

இன்றைய பயணிக்கு வருவோம். ஒன்றரை மணி நேரச் சுரங்கச் சுற்றில் பயப்பட ஒன்றுமில்லை. பள்ளிக் குழந்தைகளையே வகுப்பு வகுப்பாகக் கூட்டிப்போகிறார்கள். பாறையில் மின்னும் துளியை மட்டும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம். ஆற்றின் அடி வண்டலில் பழைய கழிவு இன்னும் இருக்கிறது. அது மெதுவாகக் கீழே இறங்கி, அட்ரியாட்டிக் கடலின் திரியெஸ்த் வளைகுடா வரை போவதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக அளந்து வருகிறார்கள். கர்ப்பிணிகள் உள்ளூர் ஆற்று மீனைத் தவிர்க்கலாம் என்பது என் சொந்தக் கருத்து. மற்றபடி ஓரிரு நாள் தங்கலுக்குக் கவலை தேவையில்லை.

ஊருக்கு மேலே தெரியும் கோட்டைக்குள் என்ன இருக்கிறது?

கெவெர்கெனெக் கோட்டை. 1522-க்கும் 1533-க்கும் இடையில் கட்டினார்கள். கோட்டை என்றதும் ராஜா, ராணி என்று தேட வேண்டாம். எந்தப் பிரபுவும் குடியிருக்காத கோட்டை இது; சுரங்க நிர்வாகமும், விற்பனைக்கு முன் பாதரசத்தைச் சேமிக்கும் கிடங்கும்தான் இருந்தன. இப்போது நகர அருங்காட்சியகம் இருக்கிறது. ஐரோப்பாவின் சிறந்த தொழில் அருங்காட்சியகம் என்று 1997-ல் பரிசு வாங்கியது. சுரங்கக் கருவிகள், பாறை வகைகள், லேஸ், இருபதாம் நூற்றாண்டு வரலாறு என்று அரை நாள் ஓடிவிடும்.

இருபதாம் நூற்றாண்டு அறைகளை அவசரமாகத் தாண்டாதீர்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு, 1920 ராப்பல்லோ ஒப்பந்தத்தின்படி இந்தப் பகுதி இத்தாலியிடம் போனது. பள்ளியில் ஸ்லோவேனிய மொழி தடை செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு யூகோஸ்லாவியா, 1991 முதல் ஸ்லோவேனியா. நூறாண்டு வாழ்ந்த ஒரு பாட்டி வீட்டை விட்டு நகராமலே ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி, யூகோஸ்லாவியா, ஸ்லோவேனியா என்று நான்கு நாட்டில் வாழ்ந்திருப்பார்.

எப்படிப் போவது?

இந்தியாவிலிருந்து லூப்லியானாவுக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய், இஸ்தான்புல், பிராங்க்ஃபர்ட் போன்ற ஏதாவது ஒரு ஊரில் மாறவேண்டும். வெனிஸ், வியன்னா, ஸாக்ரெப் விமான நிலையங்களில் இறங்கிப் பேருந்திலோ ரயிலிலோ வருவது பல சமயம் மலிவு.

லூப்லியானாவிலிருந்து இத்ரியாவுக்கு ரயில் இல்லை. ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கும் பேருந்து நிலையத்தில் ஏறினால் ஒன்றே கால் மணி நேரம் போல ஆகும். வேலை நாட்களில் பேருந்து போதுமான அளவு உண்டு. சனிக்கிழமை குறையும், ஞாயிறு ரொம்பவே குறையும். ஞாயிற்றுக்கிழமை மாலை விமானத்தை வைத்துக்கொண்டு அன்று காலை இத்ரியாவில் இருப்பது நெஞ்சை அடைக்கும் வேலை.

கார் என்றால் நெடுஞ்சாலையில் லோகாத்தெட்ஸ் வரை வந்து, அங்கிருந்து மலைப்பாதை. நெடுஞ்சாலைக்கு விஞெட்டா என்ற மின்னணு அனுமதி முன்கூட்டியே வாங்கவேண்டும். வாடகைக் காரில் அது இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். பகலிலும் முகப்பு விளக்கு எரியவேண்டும். நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை வண்டியில் குளிர்காலச் சாதனம் (பொதுவாகக் குளிர்கால டயர்) கட்டாயம். வலப்பக்கம் ஓட்டவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மலைப்பாதையில் பின்னால் வரும் உள்ளூர்க்காரர் உங்களை விட வேகமாகத்தான் வருவார். இடம் கிடைத்தால் ஒதுங்கி விட்டுவிடுங்கள்.

விசா?

ஸ்லோவேனியா 2007 டிசம்பரிலிருந்து ஷெங்கன் பகுதியில், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டில், இருக்கிறது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 90 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். பல நாடு சுற்றுகிறீர்கள் என்றால், அதிக இரவு எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்கவேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்கு என்றால் கடைசி மாதத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். பணம் யூரோதான்.

லூப்லியானாவிலிருந்து ஒரே நாளில் போய் வரலாமே, எதற்குத் தங்கவேண்டும்?

போய் வரலாம், பலர் செய்கிறார்கள். சுரங்கம், கோட்டை, ஒரு தட்டு சாப்பாடு, திரும்பப் பேருந்து. ஆனால் அப்படிப் போனால் ஊரைப் பார்த்ததாகாது. பகல் நேரத்து இத்ரியா வெறிச்சோடிக் கிடக்கும். மாலையில்தான் ஆற்றங்கரைப் பாதையில் நடப்பவர்கள், சதுக்கத்தில் காபியோ பீரோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் என்று ஆட்கள் வெளியே வருவார்கள். இரண்டு இரவு என்பது என் கணக்கு.

தங்குவதற்குச் சில சிறு விடுதிகளும், வீடுகளில் வாடகை அறைகளும் உண்டு. கார் இருந்தால் மலைமேல் இருக்கும் சுற்றுலாப் பண்ணை ஒன்றைத் தேடுங்கள். குடும்பமே நடத்தும், காலை, இரவுச் சாப்பாடும் சேர்த்தே கிடைக்கும், பால், சீஸ், ரொட்டி பெரும்பாலும் அவர்கள் வீட்டுத் தயாரிப்பு. கடவுச்சீட்டு விவரம் கேட்டால் திகைக்கவேண்டாம், விருந்தினரைப் பதிவு செய்வது சட்டம். அறை வாடகையோடு சிறு சுற்றுலா வரியும் வரும். வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றும் வழக்கம் அங்கேயும் உண்டு. உள்ளே போட்டுக்கொள்ள வேறு செருப்புத் தருவார்கள்.

ஊர் ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது? ஆட்கள் எல்லாம் போய்விட்டார்களா?

சுரங்கம் மூடிய ஊர் என்றால் பாழடைந்துபோன ஊர் என்று நினைப்போம். இத்ரியா அப்படி இல்லை. மோட்டார் பாகங்கள் செய்யும் கொலெக்டர் நிறுவனத்தின் தலைமையகம் இங்கேதான். சுரங்க வேலையும் கருவிப் பழக்கமும் வந்த வழியில் எந்திரத் தொழிலும் வளர்ந்தது. ஸ்லோவேனியர்கள் காலை ஆறு, ஏழு மணிக்கே வேலைக்குப் போய்விடுவார்கள். பிற்பகல் மூன்று மணி வாக்கில் திரும்பி வீட்டில் சாப்பிடுவார்கள். நீங்கள் பதினோரு மணிக்குச் சதுக்கத்தில் நின்று 'யாருமே இல்லையே' என்றால், அவர்கள் எல்லாம் தொழிற்சாலையில் இருக்கிறார்கள்.

இரவு ஒன்பதுக்கு மேல் சத்தம் போட்டுப் பேசுவதும், போனை ஒலிபெருக்கியில் வைத்துப் பேசுவதும் அங்கே உறுத்தும். நடைபாதையில் எதிரே வருபவருக்கு 'தோபெர் தான்' என்று வணக்கம் சொல்லுங்கள். மலைப்பாதையில் சொல்லாமல் போவதுதான் மரியாதைக் குறைவு. நன்றிக்கு 'ஹ்வாலா'. இளைஞர்கள் நன்றாக ஆங்கிலம் பேசுவார்கள். வயதானவர்களிடம் ஜெர்மனோ இத்தாலியனோ எடுபடலாம்.

ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்குமா?

திறந்திருக்காது. 2020-ல் வந்த சட்டப்படி ஞாயிறும் அரசு விடுமுறை நாட்களும் கடைகளுக்கு ஓய்வு. பெட்ரோல் நிலையத்தில் இருக்கும் கடைகளும், உரிமையாளரே நிற்கும் சிறு கடைகளும் விதிவிலக்கு. சனிக்கிழமையே பால், ரொட்டி, பழம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

சைவ சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேட்டுக் கேட்டு வாங்கவேண்டும். இத்ரியாவின் பெயர்பெற்ற உணவு ஜ்லிக்ரோஃபி. மெல்லிய மாவுக்குள் உருளைக்கிழங்கு, வெங்காயம், மர்ஜோரம், சைவ்ஸ் தழை வைத்து, நெப்போலியன் தொப்பி போல மடித்து வேகவைப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பாரம்பரிய உணவுப் பாதுகாப்பு பெற்ற முதல் ஸ்லோவேனியப் பண்டம் இது, ஆண்டு 2010. படிக்கும்போது சைவம் போலத்தான் இருக்கும். ஏமாந்துவிடாதீர்கள். பூரணத்தில் அரைத்த பன்றிக் கொழுப்போ உப்பிட்ட பன்றி இறைச்சியோ சேர்ப்பதுதான் வழக்கமான முறை. அதற்கு ஊற்றிக்கொள்ளும் பக்கால்ட்ஸா என்ற குழம்பு ஆட்டு அல்லது முயல் இறைச்சியில் செய்வது.

'ப்ரெஸ் மேசா' என்றால் இறைச்சி இல்லாமல். அது மட்டும் சொன்னால் கொழுப்பைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுவார்கள். 'ஸ்லானினா' (உப்பிட்ட பன்றி இறைச்சி), 'ஸஸேகா' (அரைத்த பன்றிக் கொழுப்பு) இரண்டும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். சில இடங்களில் கொழுப்பில்லாமல் செய்த ஜ்லிக்ரோஃபியைக் காளான் சாறோடு தருவார்கள். இருந்தால் அதுதான் நம் தேர்வு. சூப் என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறு என்பதையும் மறக்கவேண்டாம். தயிர்க்கட்டி போன்ற பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிய ஷ்ட்ருக்லி, சீஸ், பச்சைக் காய், பீட்ஸா ஆகியவற்றை வைத்துச் சமாளிக்கலாம். காரம் என்பது அந்தப் பள்ளத்தாக்கிலேயே இல்லை. ஒரு பொட்டலம் இட்லிப் பொடியோ ஊறுகாயோ பையில் இருந்தால் மூன்றாம் நாள் அதன் அருமை தெரியும்.

இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. பக்கால்ட்ஸாவோடு ஜ்லிக்ரோஃபி சாப்பிடாமல் ஊரை விட்டு வராதீர்கள். கூடவே கெருஷ் என்ற மதுவைக் கொடுத்தால் எச்சரிக்கை: எட்டிக்காய்க்கு அண்ணன் போன்ற கசப்பு. மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியை ஊறவைத்தது.

கடை ஜன்னலில் தொங்கும் லேஸ் ஏன் அவ்வளவு விலை?

கையால் பின்னியது என்பதால். சுரங்கத் தொழிலாளியின் கூலி குடும்பத்துக்குப் போதவில்லை. பெண்கள் லேஸ் பின்னி அந்தப் பள்ளத்தை நிரப்பினார்கள். உருளை வடிவத் திண்டு ஒன்றின் மேல் வரைபடத்தைக் குத்திவைத்து, நூல் சுற்றிய மரக் குச்சிகளை ஜோடி ஜோடியாக மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது இந்த முறை. கைகள் போகும் வேகத்துக்குக் கண் ஈடுகொடுக்காது. குச்சிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் நாகர்கோவில் பக்கம் கொண்டுவந்த தலையணை லேஸும் இந்தக் குடும்பம்தான். அதைப் பார்த்தவர்களுக்குத் திண்டும் குச்சியும் புதிதாக இருக்காது.

இத்ரியா லேஸ் பள்ளி 1876-ல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. சாதாரணப் பள்ளிக்குப் போகும் குழந்தைகள் மாலையில் இங்கே வருகிறார்கள், பையன்களும் உண்டு. பள்ளியிலேயே ஒரு கண்காட்சி அறை இருக்கிறது, கட்டாயம் பாருங்கள். ஸ்லோவேனியாவின் குச்சி லேஸ் பின்னலை 2018-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஜூனில் லேஸ் விழா நடக்கும் நாட்களில் மட்டும் ஊர் நிரம்பி வழியும். அமைதி வேண்டுமென்றால் அந்த வாரத்தைத் தவிருங்கள், லேஸ்தான் வேண்டுமென்றால் அந்த வாரத்துக்கே போங்கள்.

வாங்கும்போது, உள்ளூர்ச் சான்று அட்டை இருக்கிறதா, பின்னியவர் யார் என்று கேளுங்கள். உள்ளங்கை அளவு துண்டுக்கே பல மணி நேர வேலை இருக்கிறது. பெரிய மேசை விரிப்பு ஒன்று மலிவாகக் கிடைத்தால் அது எந்திரத்தில் வந்தது. இதில் பேரம் பேச வேண்டாம்.

நடப்பதற்கு நல்ல பாதை ஏதாவது உண்டா?

ராக்கே பாதை. என்னைக் கேட்டால் இத்ரியாவில் காசில்லாமல் கிடைக்கும் மிக நல்ல விஷயம் இதுதான். ஊரின் ஓரத்தில் காம்ஷ்ட் என்ற கட்டடத்தில் தொடங்குங்கள். உள்ளே 13.6 மீட்டர் விட்டமுள்ள மர நீர்ச்சக்கரம் இருக்கிறது. 1790-ல் அமைத்து, 1948 வரை சுரங்கத்துத் தண்ணீரை வெளியே இறைக்கப் பயன்பட்டது. அந்தச் சக்கரத்தைச் சுழற்ற ஆற்று நீரைக் கொண்டுவந்த வாய்க்கால்தான் ராக்கே. அதன் கரையோடு மூன்றரை கி.மீ. நடக்கலாம். ஏற்றம் இல்லை, நிழல் உண்டு, குழந்தைகளோடும் போகலாம்.

வழியில் திவ்யே யேசெரோ, அதாவது காட்டு ஏரி வரும். செங்குத்துப் பாறைகளுக்கு அடியில் கரும்பச்சையாக ஒரு சிறு குளம். பார்க்க அடக்கமாக இருக்கிறதே என்று ஏமாறவேண்டாம். அதன் அடியில் நீர் நிரம்பிய குகை கீழ்நோக்கி இறங்குகிறது. முக்குளிப்பாளர்கள் 160 மீட்டர் ஆழம் வரை போயும் அடி எட்டவில்லை. உயிரிழந்தவர்களும் உண்டு. கனமழைக்குப் பிறகு தண்ணீர் அடியிலிருந்து குமுறிக்கொண்டு மேலே வரும். ஏரியிலிருந்து புறப்படும் யெசெர்னிட்ஸா ஆறு 55 மீட்டர் ஓடி இத்ரிட்ஸாவில் சேர்ந்துவிடுகிறது. நாட்டிலேயே மிகக் குட்டையான ஆறு. வசந்த காலத்தில் பாறை இடுக்குகளில் கார்னியோலா பிரிம்ரோஸ் என்ற ஊதாப் பூ பூக்கும். பறிக்கக் கூடாது.

ஒரு முக்கிய விஷயம்: ஸ்லோவேனியக் காடுகளில் உண்ணி அதிகம். மூளைக்காய்ச்சலும் லைம் நோயும் பரப்பும். முழுக்கால் சட்டை போட்டு நடங்கள். திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, குழந்தைகளின் காதுக்குப் பின்புறம் எல்லாம் பாருங்கள். அவசர உதவிக்கு 112.

ஆற்றில் குளிக்கலாமா?

காட்டு ஏரியில் கூடாது. ஊருக்கு மேலே, பேலா ஓடை இத்ரிட்ஸாவில் கலக்கும் லாய்ஷ்ட் என்ற இடத்தில் உள்ளூர்க்காரர்கள் கோடையில் குளிப்பார்கள். ஆகஸ்டில்கூடத் தண்ணீர் சில்லென்று இருக்கும். அங்கிருந்து இன்னும் மேலே போனால் கிளாவ்ஜே என்ற கல் அணைகளைப் பார்க்கலாம். 18-ஆம் நூற்றாண்டில் கட்டியவை. காட்டில் வெட்டிய மரங்களை அணைக்குக் கீழே ஆற்றில் குவித்துவிட்டு, தேக்கிய நீரை ஒரே மூச்சில் திறந்துவிடுவார்கள். வெள்ளம் அத்தனை மரத்தையும் இத்ரியா வரை அடித்துக்கொண்டு வரும். உலைக்கு விறகும் சுரங்கத்துக்கு முட்டுக்கட்டையும் இப்படித்தான் வந்தன.

எந்த மாதம் நல்லது?

மே முதல் செப்டம்பர் வரை. இலை நிறம் மாறுவதைப் பார்க்க அக்டோபர் நடுப்பகுதி. இது நாட்டின் மழை மிகுந்த பகுதிகளில் ஒன்று, எனவே எந்த மாதமானாலும் மழைச்சட்டை வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் பள்ளத்தாக்கில் வெயில் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். அந்த மாதங்களை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம்?

கார் இருந்தால் பிரான்யா மருத்துவமனை. செர்க்னோ என்ற ஊருக்கு அருகே, பாஸிட்ஸா என்ற மலை இடுக்கில், ஜெர்மன் படைகளின் கண்ணில் படாமல் நடந்த கெரில்லாக்களின் ரகசிய மருத்துவமனை அது. 1943 டிசம்பரில் தொடங்கி 1945 மே வரை இயங்கியது. பெயர், அதை நடத்திய மருத்துவர் பிரான்யா போய்ட்ஸ் பிதோவெட்ஸிடமிருந்து வந்தது. காயம்பட்டவர்களைக் கண்ணைக் கட்டித்தான் தூக்கிவந்தார்கள்; கால்தடம் தெரியாமல் இருக்க ஓடைத் தண்ணீரிலேயே நடந்தார்கள். அறுவை அறை, எக்ஸ்ரே அறை எல்லாம் மரக் குடிசைகளில். 2007 செப்டம்பர் வெள்ளம் பெரும்பாலானவற்றை அடித்துக்கொண்டு போனது. 2010-க்குள் பழையபடியே திரும்பக் கட்டினார்கள். வண்டி நிறுத்தத்திலிருந்து இடுக்குக்குள் கொஞ்சம் ஏறி நடக்கவேண்டும். மழை பெய்தால் பாதை வழுக்கும்.

கார் இல்லாதவர்கள் இதற்காகப் பேருந்தை நம்பி ஒரு நாளைப் பணயம் வைக்கவேண்டாம். இத்ரியாவில் விடுதிக்காரரிடம் சொல்லி டாக்ஸி ஒன்றைப் பேசி, போகவர இருவழிக் கட்டணத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். குளிர்காலத்தில் திறந்திருக்கிறதா என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.